இல்லாத நிறுவனத்தின் 1992 மாடல்

சென்ற இதழில், 1990-களின் தொடக்கத்தில் நடக்கும் திரைக்கதைகளுக்காக, எந்த நிறுவனமும் செய்யாத ஸ்போர்ட்ஸ் கூபேக்களையும் (வளைவுகளில் பாய்வதற்கான இரு கதவுக் கார்கள்) கிராண்ட் டூரர்களையும் (நெடும்பயணத்துக்கான இரு கதவுக் கார்கள்) எப்படி வடிவமைப்பது என்று எழுதியிருந்தேன். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் அழகான நிஜக் கார்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் படம்பிடிக்காமல், புதிதாக ஒரு காரைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை என்ன? (மதுரை வாசகர்)

பதில்: நிஜக் கார் திரைக்கு வரும்போது தன் வரலாற்றையும் உடன் கொண்டுவருகிறது. 1992-இல் அறிமுகமான ஃபெராரி 456 ஜிடி-யிலிருந்து ஒரு பாத்திரம் இறங்கினால், அவர் எவ்வளவு வசதியானவர், எதை ரசிப்பவர், எதைக் காட்டிக்கொள்ள விரும்புபவர் என்பதையெல்லாம் பார்வையாளர் தம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஃபெராரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். இயக்குநர் சொல்ல நினைத்தது வேறாக இருந்தால், அந்தக் கார் கதைக்குக் குறுக்கே நிற்கும். கதையே ஒரு கார் நிறுவனத்தின் வீழ்ச்சியைப் பற்றியது என்றாலோ, காரில் மறைக்கப்பட்ட ஒரு குறையைப் பற்றியது என்றாலோ, நிஜப் பெயரை வைத்துப் படமெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். முப்பது வயதைக் கடந்த அரிய காரை மோதல் காட்சியில் நொறுக்க மனமும் வராது, பணமும் போதாது.

பெரிய நிறுவனங்களும் திரைக்கென்றே கார் செய்திருக்கின்றன. 2015-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ஆஸ்டன் மார்ட்டின், பொதுவிற்பனைக்கு வராத டிபி10 என்ற காரைப் பத்தே பத்து எண்ணிக்கையில் செய்தது. அதன் அடியில் இருந்தது அந்நிறுவனத்தின் வி8 வான்டேஜ்.

ஆனால் கற்பனை என்ற பெயரில் ஒரு நிஜக் காரின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்தானது. ஃபெராரியின் டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா ஆகியவற்றைப் போலவே ஃபைபர் கிளாஸ் கூடுகள் செய்து விற்ற ஒருவர்மீது ஃபெராரி தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. காரின் வெளிவடிவமே அதைச் செய்தவரை மக்களுக்கு அடையாளம் காட்டுமானால், அந்த வடிவத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். ஆகவே சின்னத்தைக் கழற்றிவிட்டால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் காரில் அந்தக் காலத்தின் சாயல் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு காரின் முகம் இருக்கக் கூடாது.

கேள்வி: நான் வடிவமைப்பு மாணவன். குறும்படம் ஒன்றுக்காக 1992-ஆம் ஆண்டின் ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றை வரையச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பென்சிலைக் கையில் எடுக்கும் முன், அந்தக் காரைச் செய்த நிறுவனத்தை எழுதி முடியுங்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பதில்களிலும் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். அது எந்த நாட்டு நிறுவனம்? அதன் அன்றாட வருமானம் எந்த செடான் காரிலிருந்து வருகிறது? கிடங்கில் என்ன என்ஜின் இருக்கிறது? அமெரிக்காவில் விற்க நினைக்கிறதா? உரிமையாளர் யார், அவரிடம் பணம் இருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தால் காரின் பாதி உருவம் தானாக வந்து நிற்கும். விடை இல்லாமல் வரைந்தால் நாற்பது கார்களிலிருந்து பிடித்த துண்டுகளை வெட்டி ஒட்டியதுபோலத்தான் இருக்கும்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 வரை அங்கே 1,700 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள காருக்கு ஆண்டு வரி மிக அதிகம். அந்த ஆண்டில் வரிமுறை மாறி, என்ஜினின் கொள்ளளவு மட்டுமே அளவுகோலாயிற்று. வடிவமைப்பாளர்கள் அதுவரை அந்த 1,700-க்குள் உடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு சக்கரங்களின் மேல் தோள்களை அகல விட்டார்கள். 1993-இல் வந்த டொயோட்டா சுப்ராவின் அகலம் 1,810 மில்லிமீட்டர். உங்கள் கற்பனைக் கார் 1986-இல் பிறந்ததா, 1992-இல் பிறந்ததா என்பதை அதன் பின்பக்கத்து அகலமே சொல்லிவிட வேண்டும். கதையில் அந்தக் காரின் விளம்பரத்தாள் ஒன்று மேசைமேல் கிடந்தால், என்ஜினின் ஆற்றல் 280 குதிரைத்திறனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் உள்நாட்டுச் சந்தைக்காகத் தமக்குள் ஒப்புக்கொண்டிருந்தன. 1989-இல் வந்த நிஸ்ஸான் 300இசட்எக்ஸ் அந்த எல்லையை முதலில் தொட்டது.

இன்னொரு வழியும் உண்டு. வரலாறு நிஜமாகவே காலியாக விட்டுச் சென்ற இருக்கைகள் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தை அவற்றில் ஒன்றில் உட்கார வைக்கலாம். மாஸ்டா, அமெரிக்காவில் அமாட்டி என்ற சொகுசுப் பிரிவைத் தொடங்கப்போவதாக 1991-இல் அறிவித்தது. ஒரு காரைக்கூட விற்காமலே 1992 அக்டோபரில் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதே மாஸ்டாதான் 1990-இல், மூன்று ரோட்டர் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் பாகம்) கொண்ட என்ஜினும் செயற்கைக்கோள் வழிகாட்டித் திரையும் கொண்ட யூனோஸ் காஸ்மோ என்ற கிராண்ட் டூரரை ஜப்பானில் விற்கத் தொடங்கியிருந்தது. பணம் பெருகிய காலத்தில் துணிந்து தொடங்கி, பணம் வற்றிய காலத்தில் பாதியில் நின்றவை ஏராளம்.

இங்கிலாந்தில் நடந்ததோ இதைவிடச் சுவையானது. ஜாகுவார் 1980-களில் உருவாக்கிவந்த எக்ஸ்ஜே41 என்ற ஸ்போர்ட்ஸ் கார்த் திட்டம், ஃபோர்டு அந்நிறுவனத்தை வாங்கிய பிறகு 1990-இல் நிறுத்தப்பட்டது. அந்த எண்ணம் டாம் வாக்கின்ஷாவின் டிடபிள்யூஆர் என்ற பந்தயக் கார் நிறுவனத்தின் வழியே ஜாகுவாரின் பழைய எக்ஸ்ஜேஎஸ் அடித்தளத்தின்மீது ஏறி, வடிவமைப்பாளர் இயன் கேலமின் கையில் உருமாறி, 1993 ஜெனீவா கண்காட்சியில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி7 என்ற பெயரில் வந்து நின்றது. நிஜக் கார் ஒன்றுக்கே இப்படியொரு பிறப்புக் கதை இருக்கும்போது, நீங்கள் படைக்கும் காருக்கும் அரைப்பக்கமாவது ஒரு பிறப்புக் கதை வேண்டும். திரையில் அது வராவிட்டாலும், கதவுக் கைப்பிடியை எங்கே வைப்பது என்று தடுமாறும்போது அந்த அரைப்பக்கம்தான் வழி சொல்லும்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கூபே, கிராண்ட் டூரர் இரண்டுமே இரு கதவுள்ள கார்கள்தாமே? ஓவியத்தில் இவற்றை எப்படி வேறுபடுத்துவது? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: பயன்பாட்டைச் சொல்லிவிட்டு ஓவியத்துக்கு வருகிறேன். கிராண்ட் டூரர் என்பது இருவர் தம் பெட்டிகளோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, இரவு முழுவதும் வேகமாக ஓட்டிச் சென்றும் களைப்பில்லாமல் இறங்குவதற்கான கார். பின்னிருக்கை பேருக்கு இருக்கும். டிக்கி மெய்யாகவே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கூபே வளைவுகளுக்கான கார். அது இலேசாகவும் குட்டையாகவும் இருக்க விரும்பும்.

இவ்வேறுபாடு ஓவியத்தில் சக்கரங்களின் இடைவெளியில் தெரியும். சக்கரத்தையே அளவுகோலாகக் கொண்டு அளந்து பாருங்கள். 1989-இல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ 850ஐ-யின் முன்-பின் அச்சு இடைவெளி 2,684 மில்லிமீட்டர். அதன் 235/50 ஆர்16 டயரின் (அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் 16 அங்குலம்) விட்டம் ஏறத்தாழ 641 மில்லிமீட்டர். அப்படியானால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மூன்று சக்கரங்களை அடுக்கிய பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும். 1991-இல் வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் அச்சு இடைவெளி 2,425 மில்லிமீட்டர், 225/50 ஆர்16 டயரின் விட்டம் 631 மில்லிமீட்டர். நடுவில் மூன்று முழுச் சக்கரங்களுக்கு இடம் போதாது. உயரமும் அப்படித்தான். 850ஐ-யின் 1,340 மில்லிமீட்டர் உயரம் இரண்டு சக்கரங்களைவிடச் சற்று அதிகம். ஆர்எக்ஸ்-7 இரண்டு சக்கர உயரத்தைக்கூட எட்டாது. இந்தச் சிறு வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துக்கொள்கிறது. ஒன்று நீண்ட மூச்சு விடுவதுபோலவும், மற்றது மூச்சை அடக்கிப் பாயக் காத்திருப்பதுபோலவும் தோன்றுகிறது.

அடுத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து கதவின் முன்விளிம்பு வரை உள்ள தூரத்தைக் கவனியுங்கள். என்ஜின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டும் கார்களில் இந்தத் தூரம் அதிகம். முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி நிற்கும். அந்தக் காலத்து விலை குறைந்த கூபேக்கள் பல, குடும்ப செடானின் அடித்தளத்தில் எழுந்த முன்சக்கர இயக்கக் கார்கள். ஓப்பல் காலிப்ரா வெக்ட்ராவின் மீது எழுந்தது. ஃபியட் கூபே டிப்போவின் மீது எழுந்தது. அவற்றில் என்ஜின் குறுக்குவாக்கில் அமர்வதால் கதவு முன்சக்கரத்தை நெருங்கி வந்துவிடும், மூக்கு முன்சக்கரத்துக்கு அப்பால் நீண்டு தொங்கும். உங்கள் பாத்திரம் கடன் வாங்கிக் கார் வாங்கிய இளைஞர் என்றால் அந்தத் தொங்கும் மூக்கை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அவருடைய கார் அப்படித்தான் இருக்கும். அதிலும் அழகு உண்டு. காலிப்ராவின் காற்றுத்தடைக் கெழு (குறையக் குறையக் காற்றைக் கிழித்துச் செல்வது எளிது) 0.26, பெரும் விலையுள்ள 850ஐ-யின் 0.29-ஐவிட அது சிறந்தது.

கேள்வி: பாப்-அப் விளக்கு (மூக்கில் மறைந்திருந்து மேலே எழும் முகப்பு விளக்கு) வைத்தேன், பின்னால் இறக்கை வைத்தேன், அந்தக் காலத்து நிறம் கொடுத்தேன். ஆனாலும் என் ஓவியம் இன்றைய காருக்குப் பழைய வேடம் போட்டதுபோலவே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்? (சென்னை வாசகர், கலை இயக்கத்தில் உதவியாளர்)

பதில்: நீங்கள் இணைத்திருந்த ஓவியத்தைப் பார்த்தேன். கோடுகளில் தேர்ச்சி இருக்கிறது. தவறு சக்கரத்தில் தொடங்குகிறது. இன்றைய 20 அங்குல ரிம்முக்கு 245/35 டயர் போட்டால், மொத்த விட்டத்தில் முக்கால் பங்கு உலோகமாகவே தெரியும். 1991-இன் 16 அங்குல ரிம்மில் அந்தப் பங்கு ஏறத்தாழ 63 சதவீதம். மீதி தடித்த கறுப்பு ரப்பர். 1993-இன் சுப்ரா டர்போ 17 அங்குல ரிம்மோடு வந்தது என்பதே அன்று பெருமையாகப் பேசப்பட்டது. உங்கள் ஓவியத்தில் வேறெதையும் தொடாமல் ரிம்மை மட்டும் சுருக்கி ரப்பரைத் தடிப்பாக்கிப் பாருங்கள். பத்தாண்டுகள் பின்னோக்கிப் போய்விடும்.

இரண்டாவது, கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் உள்ள பங்கீடு. இன்றைய கார்களில் கதவின் உலோகம் தோள்வரை ஏறி, கண்ணாடி ஒரு கீற்றாகக் குறுகிவிட்டது. கூரையைத் தாங்கும் தூண்கள், மோதல் விதிகளுக்காகத் தடித்துவிட்டன. 1990-களின் தொடக்கத்திலோ தூண்கள் மெலிந்திருந்தன, கண்ணாடி தாழ்வாக இறங்கியிருந்தது, ஓட்டுநரின் தோளும் முழங்கையும் வெளியிலிருந்து தெரிந்தன. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸின் பயணிகள் அறை போர்விமானத்தின் விமானி அறையை மனத்தில் வைத்து வரையப்பட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியூஜியாரோ வடிவமைத்து 1991-இல் வந்த சுபாரு எஸ்விஎக்ஸில் கண்ணாடி கூரையை நோக்கி வளைந்து ஏறுகிறது. அதற்குள் சிறிய ஜன்னல் ஒன்று மட்டும் இறங்கித் திறக்கும். திரைக்கு இது பெரும் வசதி என்பதையும் சொல்ல வேண்டும். நடிகரின் முகத்துக்கு வெளிச்சம் கிடைக்கிறது, ஒளிப்பதிவாளருக்குக் கோணம் கிடைக்கிறது.

மூன்றாவது, பானெட்டின் உயரம். பாதசாரிகளைக் காக்கும் விதிகள் ஐரோப்பாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தன. அடிபட்டவரின் தலை பானெட்டில் மோதினால் அடியிலுள்ள என்ஜினைத் தொடாதபடி இடைவெளி விடவேண்டியிருப்பதால் பானெட்டுகள் உயர்ந்தன. உயிர் காக்கும் விதி அது. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 1992-இன் வடிவமைப்பாளருக்கு அந்தத் தடை இருக்கவில்லை. அவருடைய பானெட் முன்சக்கரத்தின் உச்சியைத் தழுவி இறங்கும்.

நான்காவது, மேற்பரப்பு. இன்று கதவில் கத்தியால் கீறியதுபோலக் கூரிய மடிப்புகளை அழுத்த முடிகிறது; நீங்களும் அவற்றை வரைந்திருக்கிறீர்கள். அந்த ஆண்டுகளின் ரசனை, ஆற்றுநீர் உருட்டிய கூழாங்கல்லின் ரசனை. ஒளி ஓரிடத்தில் வெட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் கதவிலிருந்து இரண்டு மடிப்புகளையும் அழித்துவிட்டு, நிழலை மட்டும் கொண்டு அந்தப் பரப்பை உருட்டிக் காட்டுங்கள்.

இப்போது பாப்-அப் விளக்குக்கு வருகிறேன். அது வெறும் அலங்காரமாக வந்ததன்று. அமெரிக்காவில் 1983 வரை, நிர்ணயித்த வடிவமும் அளவும் கொண்ட, கண்ணாடியும் பல்பும் ஒரே துண்டாக அடைத்து மூடிய முகப்பு விளக்குகளை மட்டுமே, குறிப்பிட்ட உயரத்துக்குக் குறையாமல் வைக்கலாம் என்று விதி இருந்தது. தாழ்ந்த மூக்கும் வேண்டும், விளக்கும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றால் விளக்கை மேலே எழுப்புவதைத் தவிர வழியில்லை. விதி தளர்ந்த பிறகு, நிஸ்ஸான் 300இசட்எக்ஸ் சாய்ந்த மூக்கிலேயே நிலையான விளக்கைப் பதித்துக் காட்டியது. சுப்ராவின் முந்தைய தலைமுறையில் விளக்குகள் எழும். 1993-இன் தலைமுறையில் எழுவதில்லை. ஆர்எக்ஸ்-7, என்எஸ்எக்ஸ், 850ஐ ஆகியவை பழைய வழியிலேயே நின்றன. ஆக, 1992-இல் பாப்-அப் விளக்கு என்பது ஒரு நிறுவனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காட்டும் முடிவு. உங்கள் நிறுவனம் புதுமையைத் துரத்துவதென்றால் நிலையான விளக்கே பொருந்தும்.

கடைசியாகச் சில சிறு அடையாளங்கள். கதை அமெரிக்காவில் நடந்தால், பின்கண்ணாடியின் நடுவிலோ டிக்கியின் விளிம்பிலோ மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம் வேண்டும். 1986 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் அது விதி. பக்கவாட்டில் முன்புறம் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். முகப்பில் எல்இடி கோடுகள் எந்த நாட்டிலும் கூடாது. உங்கள் ஓவியத்தில் ஒன்று இருக்கிறது. முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பின்விளக்குகளைப் புதிதாகச் செய்யச் செலவு அதிகம் என்று, வேறொரு காரின் விளக்குகளைப் பொருத்தச் சொல்கிறார் தயாரிப்பாளர். இது ஏமாற்று வேலை ஆகாதா? (சேலம் வாசகர்)

பதில்: ஆகாது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கார்களே அதைத்தான் செய்தன. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-இன் பின்விளக்குகள் மாஸ்டா 323எஃப் என்ற குடும்பக் காரிலிருந்து வந்தவை. ஜாகுவார் எக்ஸ்ஜே220 ரோவர் 200-இன் பின்விளக்குகளை வாங்கிப் பொருத்தியது. மெக்லாரன் எஃப்1-இன் வட்டப் பின்விளக்குகள் போவா ஃபியூச்சுரா என்ற பேருந்தில் இருந்தவை. ஒரு விளக்குக்கு அச்சு செய்து, ஒவ்வொரு நாட்டிலும் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் பெறும் செலவை, சில நூறு கார்கள் மட்டும் விற்கும் நிறுவனத்தால் தாங்க முடியாது. ஆகையால் உங்கள் கற்பனை நிறுவனம் சிறியது என்றால், கடன் வாங்கிய விளக்குதான் அதற்கு மெய்யான விளக்கு.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கை வாங்கியபின் அதைச் சுற்றிக் காரின் பின்புறத்தை வரைய வேண்டும். வரைந்து முடித்த பின்புறத்தில் துளை போட்டு விளக்கைச் செருகினால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். டிபி7-ஐப் பின்னாலிருந்து பார்க்கும் யாருக்கும் மாஸ்டா நினைவுக்கு வருவதில்லை என்பதில்தான் கேலமின் திறமை இருக்கிறது.

கேள்வி: நிறுவனத்துக்கும் காருக்கும் பெயர் வைப்பதில் கவனிக்க வேண்டியவை எவை? (டொராண்டோ வாசகி)

பதில்: எந்தத் தொழிலிலாவது அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். டொயோட்டா தன் புதிய சொகுசுப் பிரிவுக்கு லெக்ஸஸ் என்று பெயர் வைத்தபோது, லெக்ஸிஸ் என்ற கணினிவழிச் சட்டத் தகவல் சேவையை நடத்திவந்த நிறுவனம் வழக்குத் தொடுத்துக் கீழ்நீதிமன்றத்தில் வென்றது. 1989-இல் மேல்முறையீட்டில்தான் டொயோட்டாவுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. எண்களுக்கும் இதே தொல்லை உண்டு. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தன்னுடையவை என்று பியூஜோ மறுப்புத் தெரிவித்ததால்தான் போர்ஷே 901 என்பது 911 ஆயிற்று.

பெயரின் ஓசை நாட்டோடும் காலத்தோடும் பொருந்த வேண்டும். 1990-ஐ ஒட்டி ஜப்பானியர்கள் இலத்தீன் சாயலுள்ள பெயர்களை விரும்பினார்கள். ஜெர்மானியர்கள் எண்களை விரும்பினார்கள்.

கேள்வி: வரைபடம் ஆயிற்று. அதை ஓடும் காராக மாற்றும் வேலையில் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்? (திருச்சி வாசகர், பட்டறை உரிமையாளர்)

பதில்: அடியில் இருக்கப்போகும் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்கும்போது முன்கண்ணாடியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபைபர் கிளாஸில் பம்பர், பானெட், பக்கப் பலகைகள் எதையும் வார்த்துவிடலாம். வளைந்த, இரண்டு அடுக்குள்ள முன்கண்ணாடியை ஒரு காருக்கென்று தனியாகச் செய்ய ஆகும் செலவும் காலமும் சிறிய படத்துக்குத் தாங்காது. ஆகவே முன்கண்ணாடி, அதன் இருபுறத் தூண்கள், கதவின் கீல்கள், இறங்கும் கண்ணாடிகள் ஆகியவை பெரும்பாலும் அடியில் உள்ள காருடையனவாகவே இருக்கும். அவற்றின் சாய்வு உங்கள் ஓவியத்தின் சாய்வோடு பொருந்தாவிட்டால் பிறகு எவ்வளவு பட்டி பார்த்தாலும் சரிவராது.

கூடியவரை அதே காலத்துக் காரையே எடுங்கள். புதிய கார் நம்பகமாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பானெட்டும் முன்கண்ணாடியின் அடிவிளிம்பும் உயரத்தில் இருக்கும். மேலே சொன்ன தாழ்ந்த மூக்கு உங்களுக்குக் கிடைக்காது. அச்சு இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். சக்கரங்களை வெளியே தள்ளி அகலத்தைக் கூட்டுவது எளிது. அச்சு இடைவெளியை நீட்டுவது காரையே வெட்டி ஒட்டும் வேலை. அதற்குப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் இறங்காதீர்கள், ஏனென்றால் உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டப்போகிறார்.

அடியிலுள்ள காரைக் கணினியில் அளந்து, அதன்மேல் உங்கள் வடிவத்தை ஏற்றி, நுரைக்கட்டியில் இயந்திரத்தால் செதுக்கி, கையால் தேய்த்துச் சரிசெய்து, அதிலிருந்து வார்ப்பச்சு எடுப்பதே இன்றைய வழி. வார்ப்பச்சு இருந்தால் நெருக்கக் காட்சிக்கு ஒன்று, சண்டைக் காட்சிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று கூடுகள் எடுத்துக்கொள்ளலாம். கூட்டைப் பொருத்தும்போது கதவுக்கும் பலகைக்கும் இடையே தெரியும் கறுப்புக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓட வேண்டும். பட்டறையில் செய்தது என்பதைப் பெரிய திரை முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான்; நீங்கள் தொழில் தெரிந்தவர், இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: உட்புறத்துக்கு எவ்வளவு கவனம் கொடுக்க வேண்டும்? (புதுச்சேரி வாசகி)

பதில்: வெளிப்புறத்துக்குக் கொடுத்த அளவு. உரையாடல் நடக்கும் காட்சிகளில் திரையில் இருப்பது டாஷ்போர்டும் இருக்கையும்தான். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் டாஷ்போர்டு ஓட்டுநரை நோக்கி வளைந்து அவரைச் சூழ்ந்துகொள்ளும். சுப்ராவில் பக்கத்தில் இருப்பவர் விருந்தாளிதான். கிராண்ட் டூரரில் இருவருக்கும் சமமான இடம் கிடைக்கும். கதையில் இருவருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து இதைத் தீர்மானியுங்கள். ஃபியட் கூபேயில் காரின் வெளிநிறமே ஒரு பட்டையாக டாஷ்போர்டின் குறுக்கே ஓடும். மலிவான உள்ளறையை ஒரே யோசனையில் உயர்த்திய வேலை அது. ஸ்டியரிங்கின் நடுவில் காற்றுப்பை வந்துகொண்டிருந்த காலம் ஆதலால் அந்த நடுப்பகுதி பருத்துத் தெரியட்டும். கேசட் பிளேயரை மறக்க வேண்டாம்.

கேள்வி: இன்று எல்லாம் கணினியில் நடக்கிறது. அந்தக் காலத்துக் காரை வரையக் கையால் வரைந்தே ஆக வேண்டுமா? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: முடிப்பது கணினியில் இருக்கட்டும். தொடங்குவது கையால் இருந்தால் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அன்றைய வடிவமைப்பு அறைகளில், கார் முழு அளவில் சுவரில் எழும். கறுப்பு நாடாவை இழுத்து ஒட்டிக் கோட்டை அமைப்பார்கள். பத்தடி பின்னால் நின்று பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் உரித்து மீண்டும் ஒட்டுவார்கள். நாடாவை இழுத்துப் பிடித்தால் அது எந்த அளவு வளைய ஒப்புக்கொள்கிறதோ அந்த வளைவுதான் கிடைக்கும். பிறகு முழு அளவுக் களிமண் மாதிரியில் அந்தக் கோட்டைக் கையால் சீவி எடுப்பார்கள். அந்தக் கார்களின் மென்மையில் நாடாவின் இழுவையும் கையின் வழுக்கலும் இருக்கின்றன. எலிச்சொடுக்கில் பிறக்கும் வளைவு வேறு இயல்புடையது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1991-இல் அமெரிக்காவில் லெக்ஸஸ் எஸ்சி என்றும் ஜப்பானில் டொயோட்டா சோரர் என்றும் விற்கப்பட்ட கிராண்ட் டூரர், கலிஃபோர்னியாவில் உள்ள டொயோட்டாவின் கால்ட்டி வடிவமைப்பகத்தில் உருவானது. அதை வடிவமைத்தவர்கள் காகிதத்தில் வரைவதை ஒதுக்கிவிட்டு, பலூன்களுக்குள் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகும் முன் கையால் அழுத்தியும் திருகியும் உருவங்களைத் தேடினார்கள். அந்தக் காரின் பக்கவாட்டில் எங்கே ஒரு பரப்பு முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று விரலால் காட்ட முடியாது. அது பலூனின் தோலிலிருந்து வந்த குணம்.

உங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். தடித்த பலூன், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதை ஊற்ற ஒரு புனல், கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். இறுகுவதற்குச் சில நிமிடங்களே ஆகும் என்பதால், எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் வால் என்று ஊற்றும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து செய்தால் ஒன்று காராகும். அந்த ஒன்றை மேசை விளக்கின்கீழ் வைத்து, ஒளி அதன் தோளில் எப்படி ஓடுகிறது என்று பார்த்து வரைந்து அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடக் காத்திருக்கிறேன்.